‘யு’ என்ற எழுத்தோடு மதிப்பெண்ணையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் முடிவுகள் வந்த கொஞ்ச நாளில், எந்தக் கல்லூரியில் எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்ற பட்டியல் பத்திரிகைகளில் வந்துவிடுகிறது. பெற்றோர் பலர் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டுதான் கவுன்சலிங்குக்குக் கல்லூரி தேடுகிறார்கள். தேர்வு எழுதியவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களை வைத்துப் போடும் கணக்கு அது. வருகைப்பதிவு குறைந்து தேர்வே எழுத முடியாமல் போனவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். தோற்றவர்களில் 44 எடுத்தவர் யார், 12 எடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்காது. பட்டியலைப் படிக்கிறவருக்கு அது தெரியாமல் போனால் நஷ்டமில்லை. முடிவில் ‘யு’ என்ற எழுத்தை மட்டும் பார்க்கும் தோற்ற மாணவருக்கே அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

பல்கலைக்கழகத்தின் சொந்த கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் விதிகள் வேறு. நான் எழுதுவது பல்கலைக்கழகமே வினாத்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்தி, முடிவு வெளியிடும் இணைப்புக் கல்லூரிகளைப் பற்றி. 2001இல் தமிழகத்துப் பொறியியல் கல்லூரிகள் இந்தப் பல்கலையின் கீழ் வந்தன. 2007இல் அதைப் பல பல்கலைகளாகப் பிரித்து, சில ஆண்டுகளில் மறுபடி ஒன்றாக்கினார்கள். இன்று நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் தேர்வு ஒரே அலுவலகத்தில் நடக்கிறது. நடுவில் விதிமுறைகளும் மாறிக்கொண்டே வந்தன: 2008, 2013, 2017, 2021. இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் 2021 விதிமுறைப்படி. பிறகு சேர்ந்தவர்கள் தங்கள் விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும்.

தேர்ச்சிக்கு நூற்றுக்கு 50 வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆளைக் கவிழ்ப்பது அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு நிபந்தனை. தியரித் தாளில் கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண் 40, செமஸ்டர் தேர்வு 60. இரண்டும் சேர்ந்து 50 வந்தால் மட்டும் போதாது. செமஸ்டர் தேர்வில் தனியாக 45 விழுக்காடு இருக்க வேண்டும். விடைத்தாளை நூற்றுக்குத் திருத்தி அறுபதுக்குச் சுருக்குகிறார்கள். ஆக, விடைத்தாளில் 45, அதாவது அறுபதுக்கு 27, கட்டாயம்.

இன்டர்னலில் 38 வாங்கிய ஒருவர் விடைத்தாளில் 44 எடுத்தால், அறுபதுக்கு 26.4. கூட்டினால் 64 வரும். ஆனாலும் ஃபெயில். இதையே திருப்பிப் பார்த்தால், விடைத்தாளில் சரியாக 45 எடுப்பவருக்கு இன்டர்னல் 23 இருந்தாலே போதும். அதற்கு மேல் வரும் இன்டர்னல் கிரேடைத்தான் உயர்த்தும், தேர்ச்சிக்கு உதவாது. “இன்டர்னல் நிறைய இருக்கு, பாஸ் ஆயிடலாம்” என்று விடுதியில் சொல்லிக்கொள்ளும் தைரியத்துக்கு 23க்கு மேல் ஆதாரமே இல்லை. இன்டர்னல் குறைந்தால் பாரம் அப்படியே விடைத்தாள் மேல் ஏறும்: 18தான் இருக்கிறது என்றால் அறுபதுக்கு 32 வேண்டும், விடைத்தாளில் 54 எடுக்க வேண்டும்.

இன்டர்னலைப் போடும் முறையே கொஞ்சம் தாராளமானதுதான். ஒரு செமஸ்டருக்கு இரண்டு மதிப்பீடு. ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் போன்றவற்றுக்கு 40. அந்த நாற்பதில் யாரும் அதிகம் குறைப்பதில்லை. இதனால்தான் இன்டர்னல் 35, 36 என்று வந்த மாணவர் செமஸ்டரில் சறுக்கும்போது வீட்டில் உள்ளவர்களுக்கு எதுவும் புரிவதில்லை.

வினாத்தாள் அமைப்பையும் பார்க்க வேண்டும். பகுதி ‘அ’வில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஒரு யூனிட்டுக்கு இரண்டு வீதம். பகுதி ‘ஆ’வில் ஐந்து பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு யூனிட்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. பகுதி ‘இ’யில் ஒரே ஒரு பதினைந்து மதிப்பெண் கேள்வி, அது எந்த யூனிட்டிலிருந்தும் வரலாம். “மூன்று யூனிட் படித்தால் போதும்” என்பது தலைமுறை தலைமுறையாக சீனியர்கள் சொல்லும் உபதேசம். இரண்டு யூனிட்டை விட்டால் பகுதி ‘அ’வில் 8, பகுதி ‘ஆ’வில் 26 போகிறது. மிச்சம் 66. பகுதி ‘இ’ கேள்வியும் விட்ட யூனிட்டிலிருந்து வந்துவிட்டால் மிச்சம் 51தான். அறுபத்தாறில் 45 எடுப்பது என்றால் எழுதியதில் கிட்டத்தட்ட 68 விழுக்காடு சரியாக இருக்க வேண்டும். ஐம்பத்தொன்றில் 45 என்றால் 88 விழுக்காடு. எழுதியதில் 88 விழுக்காடு சரியாக எழுதக்கூடிய மாணவருக்கு யூனிட் விடும் தேவையே இல்லை. ‘அல்லது’ கேள்வி இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்து வருவதால், ஐந்து யூனிட்டையும் பாதிப் பாதியாவது படித்தவருக்கு எல்லாக் கேள்வியிலும் ஒரு வாசல் திறந்திருக்கும். நேரம் போதாதவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். பாதிப்பேர் கேட்பதில்லை.

தேர்வறையில் நடக்கும் தவறுகளும் சில உண்டு. படிப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. விடைத்தாளின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய பதிவெண் பன்னிரண்டு இலக்கம்: கல்லூரிக்கு நான்கு, சேர்ந்த ஆண்டுக்கு இரண்டு, பாடப்பிரிவுக்கு மூன்று, வரிசை எண்ணுக்கு மூன்று. பாடக் குறியீடும் வினாத்தாள் குறியீடும் வேறு வேறு. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தேர்விலும் உண்டு. தேறாத பாடத்தை மறுபடி எழுதுகிற, அதாவது அரியர் எழுதுகிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2017 விதிமுறையின் முதல் செமஸ்டர் கணக்குத் தாள் எம்ஏ 8151. 2021இல் அது எம்ஏ 3151. எழுத்துகளுக்கு அடுத்து வரும் முதல் இலக்கம் விதிமுறையைக் குறிக்கும். ஒரே அறையில் இரண்டு தாளும் நடக்கும்போது கையில் வந்தது தன் தாள்தானா என்று ஹால் டிக்கெட்டை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். எழுதும் பதிலுக்கு ஓரத்தில் கேள்வி எண் போடாமல் விடுவது, ஒரு பதிலைப் பாதியில் நிறுத்தி ஆறு பக்கம் தள்ளித் தொடர்ந்துவிட்டு ‘தொடர்ச்சி’ என்று குறிக்காமல் விடுவது, இரண்டும் திருத்துபவரின் கண்ணிலிருந்து அந்தப் பகுதியைத் தப்ப வைக்கும். கட்டுக்கட்டாகத் திருத்துபவரிடம் துப்பறியும் வேலையை எதிர்பார்க்க முடியாது.

இனி முடிவுக்கு வருவோம். மாணவர் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஓர் எழுத்து வரும். தேறினால் ‘ஓ’, ‘ஏ பிளஸ்’, ‘ஏ’, ‘பி பிளஸ்’, ‘பி’, ‘சி’. தேறாவிட்டால் ‘யு’. 2017 விதிமுறையில் இதே இடத்தில் ‘ஆர்ஏ’ இருந்தது. எழுத்து மாறியது, மதிப்பெண் சொல்லாத வழக்கம் மாறவில்லை. தேறியவருக்கே தன் மதிப்பெண் எளிதில் பிடிபடாது. முப்பது பேருக்கு மேல் உள்ள பாடங்களில், தேறியவர்களின் மதிப்பெண் பரவலை வைத்து ஒப்பீட்டு முறையில் கிரேடு போடுகிறார்கள். 91 முதல் 100 வரை ‘ஓ’, 81 முதல் 90 வரை ‘ஏ பிளஸ்’ என்ற நிலையான அட்டவணை முப்பது பேர் வரை உள்ள பாடத்துக்குத்தான். அதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. தேறாதவர் நிலைமைதான் மோசம். 44க்கும் ‘யு’, 12க்கும் ‘யு’. இன்டர்னல் குறைந்து மொத்தத்தில் 49இல் நின்றவருக்கும் அதே ‘யு’.

இந்த மூவரும் அடுத்து செய்ய வேண்டியது ஒன்றல்ல. 12 எடுத்தவர் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவது வீண். அடுத்த அரியர் தேர்வுக்கு இன்றே உட்கார வேண்டும். 44 எடுத்தவர் விடைத்தாளைப் பார்த்தே தீர வேண்டும். மொத்தத்தில் 49இல் நின்றவர் தன் இன்டர்னல் சரியாக ஏறியிருக்கிறதா என்று முதலில் கல்லூரியில் கேட்க வேண்டும். யாருக்கும் தான் எந்த ரகம் என்று தெரியாததால், எல்லோரும் விடைத்தாள் போட்டோகாப்பிக்குப் பணம் கட்டுகிறார்கள், அல்லது எல்லோரும் கட்டாமல் விடுகிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை நான்கு ‘யு’ வைத்திருந்தால் நான்குக்கும் கட்ட முடியாது. எதற்குக் கட்டுவது என்று குத்துமதிப்பாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

வழிமுறை இப்படிப் போகிறது. முடிவு வந்ததும் குறிப்பிட்ட கெடுவுக்குள் கல்லூரி வழியாக விடைத்தாள் போட்டோகாப்பிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விதியில் இரண்டு வாரம் என்று இருந்தாலும், ஒவ்வொரு முறையும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அறிவிப்பில் வரும் தேதிதான் கணக்கு. கல்லூரிகள் அதற்கும் முன்பே தங்கள் கடைசித் தேதியை வைத்துக்கொள்ளும், ஏனென்றால் விண்ணப்பங்களைத் தொகுத்து ஏற்ற வேண்டும். நகல் வந்ததும், அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் ஒருவர் அதைத் தாமே திருத்தி, கேள்விவாரியாக மதிப்பெண் போட்டுப் பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பரிந்துரை இருந்தால்தான் மறுமதிப்பீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் ரிவ்யூ என்று இன்னொரு படி உண்டு. ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டணம். லேப், புராஜெக்ட் இரண்டுக்கும் மறுமதிப்பீடு கிடையாது.

நகல் கையில் வந்தால் முதலில் செய்ய வேண்டியது விடையைப் படிப்பதல்ல, கூட்டிப் பார்ப்பது. முன்பக்கக் கட்டங்களில் உள்ள எண்ணும் உள்ளே பதிலுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கும் எண் விழுந்திருக்கிறதா? பதின்மூன்று மதிப்பெண் கேள்வியில் முதல் பிரிவுக்கு 7, இரண்டாம் பிரிவுக்கு 6 என்று இருந்தால் இரண்டும் முன்பக்கம் ஏறியிருக்கிறதா? சிவப்பு மை படாத பக்கம் ஏதாவது உண்டா? இவை முடிந்த பிறகுதான் விடையின் உள்ளே போக வேண்டும். கணக்குத் தாளில் சூத்திரம் எழுதி எண்களை இட்டுக் கடைசி விடையில் மட்டும் பிழைத்தவருக்குப் படிநிலை மதிப்பெண் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். வேறு முறையில் சரியாகச் செய்த கணக்குக்குப் பூஜ்யம் விழுந்திருந்தால் அது வலுவான வாதம். “நிறைய எழுதினேன், பக்கம் பக்கமாக எழுதினேன்” என்பது வாதமே இல்லை. ஆசிரியர் கண்ணோட்டத்தில் சொன்னால், 40க்கு மேல் நிற்கும் விடைத்தாளில் மேற்கண்டவற்றில் ஒன்று இருந்தால் பரிந்துரை எழுதலாம். 25இல் நிற்கும் தாளுக்கு இருபது மதிப்பெண் தேடுவது மாணவரை ஏமாற்றுவது. மாணவர் முகத்துக்காகத் தாராளமாகப் போட்டு அனுப்பும் சக ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அந்தத் தாராளத்துக்கு மாணவர்தான் கட்டணம் கட்டுகிறார்.

சிக்கல் நேரத்தில் வந்து முடிகிறது. நவம்பர், டிசம்பர் தேர்வின் முடிவு வந்து, நகல் வாங்கி, பரிந்துரை எழுதி, மறுமதிப்பீட்டுக்கு அனுப்பி, அதன் முடிவுக்குக் காத்திருப்பதற்குள், ஏப்ரல், மே தேர்வுக்கான விண்ணப்பத் தேதி பல பருவங்களில் வந்துவிடுகிறது. மறுமதிப்பீட்டை நம்பி அரியருக்கு விண்ணப்பிக்காமல் விட்டு, அங்கேயும் தேறாமல் போனால் ஒரு பருவமே போய்விடும். அதனால் இரண்டுக்கும் பணம் கட்டுங்கள் என்றுதான் நாங்கள் எல்லோருக்கும் சொல்கிறோம். வேறு வழியில்லை. தவணை தள்ளத் தள்ள இன்னொரு கண்ணியும் இறுகும்: குறிப்பிட்ட வாய்ப்புகளுக்குப் பிறகு பழைய இன்டர்னல் செல்லாது, விடைத்தாளிலேயே 50 எடுக்க வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்பை ஏழு ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்ற வரம்பும் இருக்கிறது. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பல, ‘ஸ்டாண்டிங் அரியர்’ இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. ஆறாம் செமஸ்டர் ‘யு’ ஒன்று மறுமதிப்பீட்டில் தேர்ச்சியாக மாறினாலும், நேர்காணல் முடிந்த பிறகு மாறினால் என்ன பயன்?

மதிப்பெண்ணை மறைப்பதில் நேர்மைப் பிரச்சினையும் இருக்கிறது. 2018இல் இதே பல்கலையின் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கி மதிப்பெண் கூட்டியதாகக் குற்றம்சாட்டி லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். தன் மதிப்பெண் தனக்கே தெரியாத மாணவரிடம்தான் இடைத்தரகர் பேச்சு எடுபடும். திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று, சிபிஎஸ்இ சம்பந்தப்பட்ட வழக்கில் 2011 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தீர்ப்புச் சொல்லிவிட்டது. விடைத்தாளையே காட்டலாம் என்ற பிறகு, அதன் முன்பக்கத்தில் இருக்கும் ஒரே ஓர் எண்ணைக் காட்டுவதில் என்ன தடை?

பல்கலையிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. ‘யு’ வந்த பாடத்துக்கு மட்டுமாவது, மாணவரின் கணக்கில், விடைத்தாளில் எடுத்தது எவ்வளவு, இன்டர்னல் எவ்வளவு என்று இரண்டு எண்களைக் காட்டட்டும். கிரேடு முறையைக் கலைக்க வேண்டாம். சான்றிதழிலும் போட வேண்டாம். எண்கள் ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன. இவற்றைக் காட்டினாலே வீண் போட்டோகாப்பி விண்ணப்பங்கள் குறையும். குறைந்தால் மறுமதிப்பீட்டு முடிவும் சீக்கிரம் வரும். அடுத்து, மறுமதிப்பீட்டு முடிவு வெளியாகி ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் பாடங்களுக்கான அரியர் விண்ணப்பம் முடியும் என்று தேதிகளை வரிசைப்படுத்தட்டும். அது முடியாத பருவத்தில், மறுமதிப்பீட்டில் தேறியவரின் அரியர் கட்டணம் அடுத்த தேர்வுக்கு வரவு வைக்கப்படும் என்று அறிவிப்பிலேயே எழுதட்டும்.

கல்லூரிகள் பல்கலையின் உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இன்டர்னலை ஏற்றுவதற்கு முன் மாணவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினாலே, ஏற்றும்போது நேரும் தட்டச்சுப் பிழைகள் பாதிக்கு மேல் அங்கேயே பிடிபடும். முதல் செமஸ்டர் முதல் வாரத்தில், 45 விழுக்காட்டு விதியையும் 75 விழுக்காடு வருகைப்பதிவையும் பெற்றோர் கூட்டத்தில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டலாம். வருகைப்பதிவில் 65க்கும் 75க்கும் இடையில் நின்றவருக்கு மருத்துவச் சான்று போன்ற காரணம் காட்டினால் வழியுண்டு. 65க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். தேர்வு நேரத்தில் உண்மையிலேயே நோய்வாய்ப்பட்டவர், எழுதாமல் இருந்துவிடாமல், தேர்விலிருந்து விலகிக்கொள்ளும் ‘வித்ட்ராயல்’ அனுமதியை முன்கூட்டியே கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. படிப்புக் காலம் முழுவதற்கும் அது ஒரே முறைதான். ஆனால் அப்படி எடுத்தால், ‘டிஸ்டிங்ஷன்’ தகுதிக்கு அந்தத் தேர்வு எழுதிய முயற்சியாகக் கணக்கில் வராது. சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்தவருக்கு அந்தத் தகுதி போய்விடும்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தேர்ச்சிப் பட்டியல் வெளியிடும்போது, அதன் பக்கத்திலேயே போட்டோகாப்பி விண்ணப்பத்துக்கும் மறுமதிப்பீட்டுக்கும் கடைசித் தேதி, ஒரு தாளுக்கான கட்டணம் ஆகியவற்றை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். விடுதியிலிருந்து ஊருக்குப் போய்விட்ட மாணவர்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதில்லை. வீட்டில் பத்திரிகை வாங்கும் அப்பா பார்ப்பார்.

இப்படிக்கு,
இணைப்புப் பொறியியல் கல்லூரி ஒன்றின்
தேர்வுப் பிரிவு ஆசிரியர்